ஒன்டாரியோ ஹைஸ்கூலில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

ஊரில் நமக்குப் பழகிய முறை வேறு. பத்தாவது முடிந்ததும் ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா என்று ஒரு தடவை முடிவெடுத்தால் போதும், அடுத்த இரண்டு வருடமும் அதற்குள் அடங்கிவிடும். இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு உயர்தரத்தில் கணிதப் பிரிவு, உயிரியல் பிரிவு என்று இருக்கும். இங்கே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குரூப் என்ற பேச்சே இல்லை. பிள்ளை ஒவ்வொரு வருடமும் பெரும்பாலும் எட்டுப் பாடங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் பாடத்தை விட்டால் எந்தப் படிப்பு கைநழுவிப் போகும் என்பதை யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

என் அக்கா மகன் தமிழ்நாட்டில் பத்தாவது முடித்துவிட்டு நேராக இங்கே கிரேட் 11-ல் சேர்ந்தான். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் சேர்ந்த வாரம் வைத்த சோதனையில் கேள்வியெல்லாம் நீள நீளமான ஆங்கில வாக்கியங்களாக இருந்ததால் தடுமாறிவிட்டான். பள்ளியில் அவனுக்கு எம்பிஎஃப்3சி என்ற கணிதத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா படிவத்தை அடுப்பங்கரை மேடையில் வைத்துப் படித்துப் பார்த்திருக்கிறாள், பாடத்துக்குப் பக்கத்தில் ‘காலேஜ்’ என்று இருந்திருக்கிறது. காலேஜ் போகத்தானே படிக்கிறான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

சிக்கல் அந்த ஒரு சொல்லில்தான். நமக்குக் காலேஜ் என்றால் டிகிரி. இங்கே காலேஜ் வேறு, யூனிவர்சிட்டி வேறு. சென்டெனியல், செனிக்கா, ஹம்பர் போன்ற காலேஜ்களில் பெரும்பாலும் தொழில் சார்ந்த டிப்ளமா, சர்ட்டிஃபிகேட் படிப்புகள்; டிகிரிக்கு முக்கியமாக யூனிவர்சிட்டிதான். கிரேட் 11, 12 பாடக் குறியீட்டின் கடைசி எழுத்து இதைத்தான் சொல்கிறது: யூ என்றால் யூனிவர்சிட்டிக்கு, சி என்றால் காலேஜுக்கு, எம் என்றால் இரண்டுக்கும், ஈ என்றால் நேரே வேலைக்கு, ஓ என்றால் எல்லோருக்கும் பொது. நடுவில் இருக்கும் எண் வகுப்பைக் காட்டும். 3 என்றால் கிரேட் 11, 4 என்றால் கிரேட் 12.

அவன் அந்தக் கணிதத்தில் நல்ல மார்க் வாங்கினான், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வருடத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோதுதான், “மாமா, எனக்கு அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் கிடைக்கலையாம்” என்று போன் செய்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கிரேட் 12 கணிதமான அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் எடுக்க வேண்டுமென்றால், பொதுவாகக் கிரேட் 11-ல் எம்சிஆர்3யூ, அதாவது ஃபங்ஷன்ஸ் என்ற கணிதம், முடித்திருக்க வேண்டும். அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸை முன்னாலோ கூடவோ எடுக்காமல் கால்குலஸ் எடுக்க முடியாது. பிசிக்ஸும் அப்படியே, 3யூ இல்லாமல் 4யூ இல்லை. கோடை விடுமுறையில் சம்மர் ஸ்கூலில் ஃபங்ஷன்ஸ் முடித்தான். பிசிக்ஸுக்காகக் கூடுதலாக ஒரு செமஸ்டர் இருக்க வேண்டியதாயிற்று. பின்னால் சரி செய்ய முடிந்தது என்பது உண்மைதான், ஆனால் அந்த ஒரு வருடம் அவன் தூங்காமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அதனால் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். இங்கே யூனிவர்சிட்டிக்குப் பொதுவாகக் கிரேட் 12-ல் யூ அல்லது எம் வகைப் பாடங்கள் ஆறு வேண்டும், அதில் யூ வகை ஆங்கிலம் கட்டாயம். இன்ஜினியரிங்குக்குப் பெரும்பாலான இடங்களில் ஆங்கிலம், அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று ஐந்து போய்விடும், பிள்ளையின் விருப்பத்துக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கக் கம்ப்யூட்டர் பாடம்தான் முக்கியம் என்று நாம் நினைப்போம், ஆனால் பெரும்பாலான யூனிவர்சிட்டிகள் கட்டாயமாகக் கேட்பது அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸும் கால்குலஸும்தான். நர்ஸிங்குக்கு பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் வேண்டும், கணிதம் எந்த அளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். பிசினஸ், அக்கவுண்டிங் பக்கம் போகிறவர்கள் கணிதத்தை விட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல இடங்கள் பலவற்றில் கிரேட் 12 கணிதம் இரண்டு கேட்கிறார்கள்.

டாக்டர் ஆசை உள்ள வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் மாதிரி பிளஸ் டூ முடித்து நேரே மருத்துவம் சேர்வது இங்கே வழக்கமில்லை. முதலில் யூனிவர்சிட்டியில் சில வருடம் படித்து, பெரும்பாலும் ஒரு டிகிரியே முடித்து, அப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிப்பார்கள். அதனால் பதினாறு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து இப்போதே முடிவெடு என்று நெருக்காதீர்கள். பயாலஜி, கெமிஸ்ட்ரி, கணிதம் மூன்றையும் யூ வகையில் கையில் வைத்திருந்தால் இப்போதைக்குப் போதும்.

கிரேட் 9-ல் சேர்க்கிறவர்களுக்கு அவசரம் இல்லை. 2022-லிருந்து அந்த வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மட்டம். கிரேட் 10-ல்தான் பிரிகிறது: டி என்றால் அகடமிக், பி என்றால் அப்ளைடு. பிள்ளைக்கு யூனிவர்சிட்டி எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கணிதமும் அறிவியலும் டி வகையில் இருக்கட்டும், ஏனென்றால் ஃபங்ஷன்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான்.

கிரேட் 10, 11-ல் வந்து சேர்கிறவர்கள் ஊரிலிருந்து மார்க் ஷீட், டி.சி., முடிந்தால் பாடத்திட்டத்தின் நகல் என எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். ஹைஸ்கூல் டிப்ளமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும் (முடித்த ஒரு பாடத்துக்குப் பொதுவாக ஒரு கிரெடிட்), ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் தருவது என்பதைப் பிரின்சிபால்தான் முடிவு செய்வார். இ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரும் வகுப்பில் போட்டால் வருத்தப்படாதீர்கள். கட்டாய ஆங்கில கிரெடிட் நான்கில் மூன்று வரை இ.எஸ்.எல். ஆக இருக்கலாம், நான்காவது கிரேட் 12 ஆங்கிலமாக இருக்க வேண்டும். ஆனால் ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காகக் கணிதத்தையும் இறக்கிப் போட்டால் அங்கே பேசுங்கள். மொழி வேறு, கணக்கு வேறு என்று பொறுமையாகச் சொல்லி, மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னதை வைத்து சி வகைப் பாடங்கள் மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கையால் வேலை செய்வதில் உயிராக இருக்கும் பிள்ளையைக் கால்குலஸில் தள்ளிக் கசக்குவது பெரிய பாவம். எலக்ட்ரீஷியனாக அப்ரென்டிஸ்ஷிப் 9000 மணி நேரம், கிட்டத்தட்ட ஐந்து வருடம், அதில் பெரும்பகுதி சம்பளத்தோடு செய்யும் வேலை. கிரேட் 11-லிருந்தே ஓயாப் (OYAP) என்ற மாணவர் அப்ரென்டிஸ்ஷிப் திட்டத்தில், வேலையிடத்தில் பயிற்சி பெற்றுக் கிரெடிட் வாங்கும் கோ-ஆப் மூலம் இதைத் தொடங்கலாம். காலேஜில் டிப்ளமா முடித்து அப்புறம் யூனிவர்சிட்டிக்கு மாறுபவர்களும் இருக்கிறார்கள். தெரிந்து எடுத்த சி நல்ல வழி. என் அக்காவுக்கு நடந்தது தெரியாமல் போட்ட கையெழுத்து.

இன்னொன்று. கிரேட் 11, 12-ல் ஒரு பாடம் ஒத்து வரவில்லை என்றால் சீக்கிரம் விலகிவிட வேண்டும். செமஸ்டர் முறைப் பள்ளியில் முதல் ரிப்போர்ட் கார்டு வந்து ஐந்து பள்ளி நாட்களுக்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பாடங்களும் மார்க்கும் பதிவாகும் சான்றில், ஏறாது, அதற்குப் பிறகு விட்டால் ஏறும்.

அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கும். படிவம் கையெழுத்துக்கு வருவதற்கு முன்பே பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் கவுன்சிலரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், பல பள்ளி வாரியங்கள் ஏற்பாடு செய்து தருகின்றன. போனால் “என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், “நன்றாகப் படிக்கிறான்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். படிவத்தைக் காட்டி, ஒவ்வொரு பாடத்துக்கும், “இதை எடுத்தால் அடுத்த வருடம் எதெல்லாம் எடுக்க முடியாமல் போகும்?” என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளையை விட்டு அந்தப் படிவத்தின் ஓரத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.