நான்கு பேர் மேடையேறி நான்கு பேச்சு பேசினால்

சென்ற ஆண்டு ஒரு பொறியியல் கல்லூரியில், இறுதியாண்டு மாணவர்களின் திட்டங்களை மதிப்பிட நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். விடுதியின் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்கும் கருவி ஒன்றை ஒரு குழு செய்து கொண்டுவந்திருந்தது. கருவி நன்றாகவே வேலை செய்தது. முதல் மாணவர் உலகத் தண்ணீர்ப் பற்றாக்குறையிலிருந்து தொடங்கினார். "அடுத்து என் நண்பர் தொடர்வார்" என்றதும் இரண்டாமவர் வந்து மின்சுற்றுப் படத்தை விளக்கினார். மூன்றாமவர் புரோகிராமை வரி வரியாக வாசித்தார். நான்காமவர் எதிர்காலத் திட்டங்களை அடுக்கிவிட்டு நன்றி சொன்னார். நான்காவது ஸ்லைடில் கருவியின் விலை 1,800 ரூபாய் என்றிருந்தது, பதினொன்றாவதில் 2,400. என் பக்கத்தில் இருந்த பேராசிரியர், "சரி தம்பி, இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விடுதியின் ஆறு தொட்டிகளிலும் கருவியைப் பொருத்தப் பணம் கேட்கத்தான் வந்திருந்தார்களாம். தேநீர் இடைவேளையில்தான் அது எங்களுக்குத் தெரிந்தது.

தவறு மேடையில் நடக்கவில்லை. குழு சேர்ந்த முதல் நாளே நடந்துவிட்டது. "நீ அறிமுகம், நான் வடிவமைப்பு, அவன் முடிவுரை" என்று உட்கார்ந்த வேகத்தில் பாகப்பிரிவினை முடிந்துவிடுகிறது. அவரவர் அவரவர் அறையில் ஸ்லைடு செய்கிறார்கள். முந்தைய நாள் இரவு யாரோ ஒருவர் நான்கு கோப்புகளையும் ஒட்டித் தைக்கிறார். விலை இரண்டு விதமாக வந்தது அதனால்தான். எழுத்துரு மாறுவதை நடுவர்கள் மன்னிப்பார்கள். எண் மாறினால் மற்ற எண்களையும் நம்பமாட்டார்கள்.

ஸ்லைடைத் திறக்கும் முன் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியத்தை எழுதியிருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். "இந்தக் கோடை விடுமுறைக்குள் ஆறு தொட்டிகளிலும் பொருத்த 14,400 ரூபாய் ஒதுக்குங்கள்." அவ்வளவுதான். இதை எழுதி வைத்துக்கொண்டு பார்த்தால் உலகத் தண்ணீர்ப் பற்றாக்குறை தானாகவே உதிர்ந்துவிடும். போன மாதம் தொட்டி எத்தனை முறை வழிந்தது, மோட்டார் எவ்வளவு நேரம் வீணாக ஓடியது என்ற கணக்கு அந்த இடத்துக்கு வரும். பணம் கொடுப்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு எப்போதும் வியப்புதான். அங்கே ஓர் அணியில் மூன்றாவதாக எழுபவர், முதலில் பேசியவர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்; எதிரணி எழுப்பிய கேள்விக்குப் பதிலும் சொல்கிறார். 'என் பங்கு முடிந்தது' என்று அங்கே யாரும் உட்காருவதில்லை.

அடுத்த தவறு, நம் கட்சிக்கு வலு சேர்ப்பதாகத் தோன்றும் தரவை மட்டும் காட்டுவது. இதற்கு நான் அறிந்தவற்றில் மிகக் கொடிய உதாரணம் 1986 ஜனவரி 27 மாலை நடந்தது. சேலஞ்சர் விண்கலம் மறுநாள் காலை புறப்படவிருந்தது. அதன் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகி, வாயுவைக் கசியவிடும் என்று அஞ்சினார்கள். சில மணி நேரத்தில் 13 பக்கங்கள் தயாரித்து, ஃபேக்ஸில் அனுப்பி, தொலைபேசி வழியாக நாசாவிடம் வாதாடினார்கள். அதுவரையிலான மிகக் குளிர்ந்த பயணத்தில் வளையத்தின் வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போனால் ஏவ வேண்டாம் என்றார்கள். ஆனால் சுமார் 24 டிகிரியில் நடந்த ஒரு பயணத்திலும் வாயு கசிந்திருந்தது. அப்படியானால் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் திருத்தமான விடை இல்லை.

விடை அவர்கள் கைவசம் இருந்த தரவிலேயே இருந்தது. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். விபத்துக்குப் பின் விசாரணை ஆணையம் அதைத்தான் செய்தது. சுமார் 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே வளையங்களில் பாதிப்பு. சுமார் 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கில் நான்கிலும் பாதிப்பு. ஒரே படம், ஒரே பார்வையில் புரிந்திருக்கும். அன்றிரவோ, நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கூடிப் பேசிவிட்டு, தங்கள் பொறியாளர்களின் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். மறுநாள் புறப்பட்ட 73 விநாடிகளில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பழி முடிவெடுத்தவர்களுடையது, வாதாடியவர்களுடையது அல்ல. ஆனாலும் அந்த ஒரு படம் கையில் இருந்திருக்கலாமே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

யார் பேசுவது என்பதில் நாம் செய்யும் தவறு, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சமமாகக் கூறு போடுவது. 2005 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில், 2012 ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்புக்காக லண்டன் குழு வாதாடிய விதத்தைப் பாருங்கள். கிழக்கு லண்டனிலிருந்து 30 சிறுவர் சிறுமியரை அழைத்து வந்திருந்தார்கள். 1500 மீட்டரில் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற செபாஸ்டியன் கோ, தான் பன்னிரண்டு வயதில் பள்ளிக் கூடத்தில் உட்கார்ந்து, பழைய கறுப்பு வெள்ளை டிவியில் மெக்சிகோ ஒலிம்பிக்கைப் பார்த்ததைச் சொன்னார். இளையோரை விளையாட்டுக்கு இழுப்போம் என்பது அவர்கள் வாதம். அதைச் சொல்லத் தகுந்த வாய் எதுவோ அதற்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். 54க்கு 50 என்ற வாக்குக் கணக்கில் பாரிஸை வென்றார்கள். எல்லோரும் பேசியே ஆக வேண்டும் என்று கல்லூரி விதி வைத்திருந்தால், கூச்சமுள்ளவரிடம் கருவியை இயக்கிக் காட்டும் வேலையைக் கொடுக்கலாம். கை வேலை செய்யும்போது பேச்சும் வந்துவிடும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஒத்திகையில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பேச்சு கைமாறும் இடங்களைத்தான் அதிகம் பழக வேண்டும். பேசாமல் நிற்பவர் செல்பேசியைப் பார்த்தால் அரங்கமே அவரைத்தான் பார்க்கும். கோப்பை பென்டிரைவிலும் வைத்திருங்கள். கூடவே பிடிஎஃப் ஒன்றும் இருக்கட்டும்.

கேள்வி நேரத்தில்தான் குழுக்கள் உடைகின்றன. ஒருவர் பதில் சொல்ல, இன்னொருவர் "இல்லை சார், அது அப்படியில்லை" என்று குறுக்கிடுவார். கேள்விகளை வாங்கி உரியவரிடம் தள்ளிவிட ஒருவரை முன்கூட்டியே வைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் நடக்காது. தெரியாததற்கு மழுப்புவது இன்னும் மோசம். அதே கல்லூரியில் வேறொரு குழுவிடம், கருவி மழையில் நனைந்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். கேள்விகளை வாங்கிக்கொண்டிருந்த மாணவி, "அதை நாங்கள் சோதிக்கவில்லை சார். நாளை மாலைக்குள் சோதித்துச் சொல்கிறோம்" என்றார். மறுநாள் ஐந்தரை மணிக்குச் செய்தி வந்தது: நாற்பது நிமிடம், பிறகு நின்றுவிட்டது, கூடவே, வாளித் தண்ணீரை ஊற்றிச் சோதித்த படம் ஒன்று.