பேகனும் பெரிய காசோலையும்: கேலிச் சரித்திரத்தில் கால் வழுக்கும் இடங்கள்

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கலைவிழாவுக்கு ‘டிவியில் தானம் கேட்ட வீர வரலாறு’ என்று இருபது நிமிடக் கேலி நாடகம் ஒன்று எழுதினேன். பாதிக்குக் கூட்டம் சிரித்தது, மீதிப் பாதிக்கு எழுந்து பிளேன்டீ குடிக்கப் போய்விட்டது. நீங்களும் இப்படி ஒன்று எழுதப்போகிறீர்கள் என்றால் நான் விழுந்த குழியில் விழாதீர்கள்.

முதல் பிழை, எல்லாவற்றையும் புளுகுவது. இராவணன் பத்துத் தலையாலும் பத்துச் சேனலில் ஒரே நேரம் நிதி கேட்டான் என்று ஆரம்பித்தேன், ஒரு குஞ்சு கூடச் சிரிக்கவில்லை. ஆனால் 1966 இல் அமெரிக்காவில் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ் நடத்திய ‘டெலிதொன்’ என்ற டிவி நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வசூல் பத்து லட்சம் டொலரைத் தாண்டியதும், வசூலைக் காட்டும் கணக்குப் பலகையில் ஏழாவது இலக்கத்துக்கு இடமில்லாமல் மனுஷன் தானே பெயிண்ட் எடுத்து ‘1’ போட்டார் என்றேன் பாருங்கள், அதற்குத்தான் மைதானம் அதிர்ந்தது. நடந்ததே இந்த லட்சணத்தில் இருக்கிறது. 1985 இல் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியில் பாடகர் ஃபில் காலின்ஸ் லண்டனில் பாடிவிட்டு கொன்கோர்டு விமானம் ஏறி அன்றே பிலடெல்பியாவிலும் போய்ப் பாடினார்; நமக்குப் பண்டாரவளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகவே ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

நம் பக்கத்துக் கதை அதைவிட மோசம். 1982 இல் தொடங்கிய, இலங்கை அரசு டிவியான ரூபவாஹினி நிலையமே ஜப்பான் கொடுத்த நன்கொடையில் கட்டியது, அதாவது தானம் கேட்கிற பெட்டியே நமக்குத் தானமாகத்தான் வந்திருக்கிறது. அதன் கோபுரம் நிற்பதோ நமது பிதுருதலாகல உச்சியில். மேலே 2,524 மீட்டரில் கோபுரம், கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கரண்ட் இல்லாமல் கார் பேட்டரியைச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து படம் பார்த்த சனம். இதற்கு மேல் நான் என்னத்தைக் கற்பனை பண்ண?

புளுகவே கூடாது என்று சொல்லவில்லை. புளுகுக்கு ஒரு வேர் வேண்டும், அவ்வளவுதான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை உலகின் முதல் டிவி வள்ளல் ஆக்கினேன். கமரா மயிலின் முகத்துக்கே போகிறது, “சொல்லம்மா, குளிர் எப்படி இருந்திச்சு? போர்வை வந்த பிறகு எப்படி இருக்கு? கொஞ்சம் அழுதுகிட்டே சொல்லு.” குளிருதா என்று மயிலை முதலில் யாருமே கேட்கவில்லை என்பதுதான் பகிடி. வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, தானமாக வந்த கொப்பிப் (நோட்டுப் புத்தகப்) பார்சலைக் கையில் பிடித்தபடி போட்டோவுக்கு இளித்தவர்கள்தான் முன்வரிசையில் இருந்தார்கள், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பெரிய பிழையை ஒத்திகையிலேயே ஒரு அக்கா பிடித்துவிட்டார். நொண்டிக்கொண்டே வந்து அழுகிற ஒரு பிள்ளையை வைத்திருந்தேன், சிரிப்புக்காக. “தம்பி, அழுகிறவளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்றியா, அழ வைக்கிறவனைப் பார்த்தா?” என்றார். அந்தப் பிள்ளையை அப்படியே வெட்டி எறிந்தேன். 1990 இலும் 1992 இலும் பிரிட்டனில் ஐடிவி சேனலின் டெலிதொன் நடந்தபோது மாற்றுத்திறனாளிகளே ஸ்டூடியோ வாசலில் திரண்டு, எங்களுக்குப் பரிதாபம் வேண்டாம், உரிமைதான் வேண்டும் என்று போராடினார்கள். 1992க்குப் பிறகு அது நடக்கவே இல்லை. சிரிப்பு நன்கொடைச் செக்கைப் பிடித்திருப்பவர் மேல் விழட்டும், வாங்குகிறவர் மேல் வேண்டாம்.

கணக்குப் பலகையைச் சும்மா விட்டுவிடாதீர்கள். போனில் தருகிறேன் என்று சொன்ன காசும் கைக்கு வந்த காசும் ஒன்றல்ல. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோ கழிவதைப் பார்த்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம், நான் ஐந்து நிமிடம் இழுத்தேன். பிளேன்டீ தீர்ந்தது அங்கேதான்.

அப்புறம், நன்கொடை கொடுக்கும்போது கமராவுக்குக் காட்டுகிற அந்த இராட்சத செக். பிறிஸ்டல் போட் என்கிற தடித்த அட்டையில் செய்தோம், லயத்துக் கதவுக்குள் நுழையவில்லை, வாசலிலேயே வைத்து நடிக்க வேண்டியதாகிவிட்டது. வழக்கமான தூறல் பிடித்ததும் சைபர்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து வழிய ஆரம்பித்தன. கடைசியில் ‘5’ மட்டும் மிஞ்சியது. எழுதாத அந்தக் காட்சிக்குத்தான் அதிகக் கைதட்டல், அதனால் சைபர்களை மட்டும் அழியாத பெயிண்டில் எழுதிவிடாதீர்கள்.