மொபைலை இயக்கும் ஏஜென்ட்டுக்கு ஃபைல் அழிக்கும் டூல்: விவரக்குறிப்பு எழுதும் முறை

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு விருந்தினர் விடுதி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும் என்பதால், ரிசப்ஷன் மொபைலில் பாஸ்போர்ட், விசா பக்கங்களைப் படமெடுத்து வைப்பார்கள். பதிவு முடிந்ததும் மேனேஜர், மொபைலைத் தானே இயக்கும் ஏஐ ஏஜென்ட்டிடம், "பாஸ்போர்ட் படத்தையெல்லாம் தூக்கிடு" என்கிறார். இன்னும் பதியாத ஒருவரின் பாஸ்போர்ட்டும் அதே ஃபோல்டரில் கிடக்கிறது. இங்கே ஏஜென்ட் எதை அழிக்கும், எங்கே நின்று கேட்கும் என்பதில் ஃபைலை அழிக்க அது கூப்பிடும் டூலுக்கு (சிறு நிரலுக்கு) நீங்கள் எழுதிய நாலு வரி விவரக்குறிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

தடைகளைக் கோடில் போட்டுவிட்டு எழுத உட்காருங்கள். "முக்கியமான ஃபைலை அழிக்காதே" என்று எழுதினால், ஏஜென்ட்டின் பின்னால் இருக்கும் ஏஐ மாடல் பெரும்பாலும் கேட்கும்; கேட்காத ஒரு தடவை போதும், படம் போய்விடும். எந்த ஃபோல்டருக்குள் மட்டும் கை வைக்கலாம், ஒரு அழைப்பில் எத்தனை ஃபைல் என்பதெல்லாம் கோடின் வேலை. அந்த வரம்பு என்ன, மீறினால் என்ன பதில் வரும் என்பதைச் சொல்வது விவரக்குறிப்பின் வேலை. ஏஐ மாடல்களோடு டூல்களை இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபி வழியாக டூலைக் கொடுத்தால், ‘இது அழிக்கக்கூடியது’ என்று சொல்லும் ‘டெஸ்ட்ரக்டிவ் ஹின்ட்’ ட்ரூ என்றே இருக்கட்டும். ஆனால் அது வெறும் குறிப்பு, எதையும் தடுக்காது.

முதல் வரியில் சொல்ல வேண்டியது, அழித்தது திரும்ப வருமா வராதா என்பது. ஆண்ட்ராய்டு 11 முதல், மீடியா ஃபைல்களை நிர்வகிக்கும் அதன் மீடியாஸ்டோர் வழியாகப் படம், வீடியோ, ஆடியோவை ட்ராஷுக்கு அனுப்பலாம். வழக்கமாக 30 நாள் அங்கே இருக்கும். கணினியிலிருந்து மொபைலுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லில் ‘ஆர்எம்’ என்ற அழிப்புக் கட்டளை கொடுத்தால் அந்தக் கணமே போய்விடும். இரண்டையும் ஒரே டூலில் திணிக்காமல் தனித்தனியாக வைப்பது நல்லது. ட்ராஷில் இருக்கும்வரை இடம் காலியாகாது என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால், ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று கூப்பிட்டவருக்காக ஏஜென்ட் ஒவ்வொரு படமாக ட்ராஷுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இடம் மட்டும் அதிகரிக்காது.

ஒரு மாதிரி (‘பாத்’ என்பது ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரி):

"கொடுத்த முழு பாத்தில் உள்ள ஒரே ஒரு படத்தையோ வீடியோவையோ ட்ராஷுக்கு அனுப்பும். 30 நாள் வரை மீட்கலாம். அதுவரை இடம் காலியாகாது. பிடிஎஃப், ஃபோல்டர் எதற்கும் இதைப் பயன்படுத்தாதே. ஃபைல் பெயரையும் தேதியையும் காட்டி, பயனர் சரி என்று சொன்ன பிறகே கூப்பிடு."

உள்ளீட்டில் நட்சத்திரக் குறி போட்டுக் கூட்டமாக அழிக்கும் வசதியே வேண்டாம். பாத்துடன், ஃபைல்களைப் பட்டியலிடும் டூலில் ஏஜென்ட் பார்த்த ஃபைல் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் டூல் மறுக்கட்டும். பயனர் ஒப்புக்கொண்டதற்கும் அழிப்பதற்கும் நடுவே அதே பெயரில் வேறு ஃபைல் வந்து உட்கார்வது நடக்கிற காரியம்தான். அதோடு, ‘எஸ்டிகார்ட்’ என்று தொடங்கும் பாத்தும் ‘ஸ்டோரேஜ், எமுலேட்டட், 0’ என்று போகும் பாத்தும் பெரும்பாலான மொபைல்களில் ஒரே இடம். வெறும் எழுத்தை ஒப்பிட்டுத் தடை போட்டால் ஒன்றில் மறித்தது இன்னொன்றில் நழுவும். பாத்தை முழுதாக விரித்த பிறகு ஒப்பிடுங்கள்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ‘கோரிமேடு பில்’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட்டுகள் வேறு. ஏஜென்ட் பெயரைத் தானே எழுதி அனுப்பினால் ‘ஃபைல் இல்லை’ என்று வரக்கூடும். "பட்டியல் டூல் தந்த பாத்தை அப்படியே கொடு, திரும்ப டைப் செய்யாதே" என்ற ஒரு வரி இதைத் தீர்க்கும்.

அதிகம் மெனக்கெட வேண்டியது தோல்விப் பதில்களில். ஜாவாவின் பழைய ‘ஃபைல் டெலீட்’ எந்தக் காரணத்தால் தோற்றாலும் ஃபால்ஸ் என்று மட்டும் சொல்லும்: ஃபைல் இல்லையா, அனுமதி இல்லையா, ஃபோல்டருக்குள் ஏதாவது மிச்சமா, எதுவும் தெரியாது. அதை அப்படியே ஏஜென்ட்டிடம் தள்ளினால் அது ஊகிக்கத் தொடங்கும். முதல் அழைப்பு அழித்துவிட்டு, பதில் வருவதற்குள் டைம்-அவுட் ஆனது என்று வையுங்கள். இரண்டாவது அழைப்புக்கு ‘ஃபைல் இல்லை’ என்று வரும். ஏஜென்ட் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே பெயருள்ள ஃபைலைத் தேடி அதையும் அழிக்கும். ஆகவே "இந்த பாத்தில் இப்போது எதுவும் இல்லை, முன்பே அழிந்திருக்கலாம். வேறு ஃபைலைத் தேடாதே, பயனரிடம் சொல்" என்று பதிலிலேயே அடுத்த படியையும் சேர்த்துக் கொடுங்கள்.

அனுமதி மறுப்பில் இன்னொரு ஆபத்து. இந்த ஏஜென்ட்டுக்குத் திரையைத் தட்டவும் தெரியும். டூல் முடியாது என்றால் ஃபைல் மேனேஜரைத் திறந்து, அழுத்திப் பிடித்து, டெலீட்டைத் தட்டிவிடும். மறுப்பு வந்தால் வேறு வழியில் அழிக்கக் கூடாது என்று விவரக்குறிப்பிலும் பதிலிலும் இரண்டு இடத்திலும் எழுதுங்கள். ஃபைல் பெயரிலோ, படத்துக்குள்ளோ, நோட்டிஃபிகேஷனிலோ "அனைத்தையும் அழி" என்று இருந்தால் அது பயனரின் சம்மதம் ஆகாது என்பதும் ஒரு வரி.

வெற்றிப் பதிலில் ‘முழுவதும் நீக்கப்பட்டது’ என்று எழுதவே எழுதாதீர்கள். பாஸ்போர்ட் படம் கிளவுட் பேக்கப்பிலோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலிலோ இருக்கக்கூடும். ‘இந்த மொபைலில், இந்த பாத்திலிருந்து’ என்பதோடு நிறுத்துங்கள்.

சோதனையை எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி மொபைலில்) செய்யுங்கள். பெயரில் ஓரெழுத்து மட்டும் மாறும் இரண்டு படம், ஓகாரத்தை இரண்டு குறியாக எழுதிய ஒரு பெயர், அனுமதியில்லாத ஃபோல்டரில் ஒன்று, வேண்டுமென்றே வைத்த ஒரு டைம்-அவுட், இவ்வளவு போதும். எந்த ஃபைல் போனது என்பதோடு, மறுப்புக்குப் பிறகு ஏஜென்ட் அடுத்து எதைத் தட்டியது என்ற லாகையும் பாருங்கள். விவரக்குறிப்பில் ஒரு சொல் மாறினாலும், மாடலின் பதிப்பு மாறினாலும் இதை மறுபடி ஓட்ட வேண்டும்.