இறங்கிய ஈறுகளுக்கு அறுவை சிகிச்சை: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

ஈறு இறங்கிவிட்டது என்று தெரிந்தவுடன், எந்த அறுவை சிகிச்சை நல்லது என்றுதான் பலரும் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் கண்ணாடியின் முன் நின்று உதட்டை விலக்கி, ஈறு இறங்கிய பல்லின் இருபுறமும், பல்லிடுக்கை நிரப்பி நிற்கும் முக்கோண வடிவ ஈறைக் கவனியுங்கள். அது முழுதாக இருந்து, எக்ஸ்ரேயில் அவ்விடத்து எலும்பும் குறையாமல் தெரிந்தால், வெளியே தெரியும் வேரை முழுவதும் மூடிவிட நல்ல வாய்ப்பு உண்டு. முக்கோணம் சரிந்து பல்லிடுக்கில் கறுப்புச் சந்து விழுந்திருந்தால் பெரும்பாலும் ஓரளவுதான் மூடும். பல்லிடை எலும்பு மிகவும் கரைந்திருந்தால் முழு மூடலை எதிர்பார்க்கவே கூடாது. ஈறு இறக்கத்தை வகைப்படுத்த 1985-இல் மில்லர், 2011-இல் கைரோ ஆகிய ஈறு மருத்துவர்கள் வகுத்த பிரிவுகள் இரண்டிலும் இந்தப் பல்லிடைப் பகுதிக்கு முக்கிய இடம் உண்டு. வேரின் மேற்பரப்பில் இரத்த ஓட்டம் கிடையாது என்பதால், அதை மூட வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கும் ஒட்டுத்திசு பக்கத்துத் திசுக்களிலிருந்து வரும் இரத்தத்தை நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

ஈறு இறங்கிய எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. பற்கூச்சமும் வேர்ச்சொத்தையும் இல்லாமல், மில்லிமீட்டர் கோடிட்ட கருவியால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கும்போது அளவும் மாறாமல் இருந்தால், கவனித்து வருவதே போதும். இறக்கம் கூடிக்கொண்டே போவது, கூச்சம் தீராதது, ஈறு மிக மெலிந்திருப்பது, தோற்றம் மனதை வருத்துவது ஆகியவை அறுவைக்கு நியாயமான காரணங்கள். ஆனால் ஈறு இறங்கியதன் காரணம் முதலில் தீர வேண்டும்: அழுத்தித் தேய்க்கும் பழக்கம், கரடுமுரடான பல்பொடி, வாயில் அடக்கும் புகையிலை, பற்காரையோடு கூடிய ஈறு நோய். உங்கள் பிரஷின் இழைகள் ஓரிரு மாதங்களிலேயே பக்கவாட்டில் விரிந்து கிடந்தால், அழுத்தம் மிகுதி என்று கொள்ளலாம்.

இப்போதுள்ள முறைகளில் மிகவும் நம்பத்தக்கதாக நான் கருதுவது, மேலண்ணத்தின் உட்புறத்திலிருந்து மேல்தோலுக்கு அடியிலுள்ள இணைப்புத்திசுவை மட்டும் எடுத்து வேரின் மேல் வைத்து, பல்லின் ஈறையே தளர்த்தி அதன்மேல் இழுத்து மூடித் தைக்கும் முறையாகும். பொதுவாகக் கடைவாயின் முதல் பெரிய பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து, ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குத் திசுவை எடுப்பார்கள். இரண்டு இடங்களில் காயம் ஏற்படுவதும், அண்ணத்து வலி ஓரிரு வாரம் நீடிப்பதும் இதன் குறைகள். கீழ்வரிசை முன்பற்களில் ஈறு மெலிந்து, உதட்டை அசைக்கும்போதெல்லாம் இழுபடுமானால், மேல்தோலோடு சேர்த்து எடுக்கும் ஒட்டு பொருந்தும். நிறம் சற்று வெளிறித் தெரிந்தாலும் அவ்விடத்தில் உறுதிதான் முக்கியம். ஒரே ஒரு பல்லில் மட்டும் இறங்கி, பக்கத்து ஈறு தடிமனாக இருந்தால், அதையே நகர்த்தி மூடலாம். பல பற்களுக்கு ஒரே நேரத்தில் செய்வதாயின், ஈறைக் கீறிப் பிரிக்காமல் அடியில் சுரங்கம் போலத் தளர்த்தி ஒட்டைச் செலுத்தும் முறை உண்டு. சிறு துளை வழியாக ஈறைத் தளர்த்தி நகர்த்தும் முறையில் அண்ணத்துக் காயம் இல்லை. எனினும் எல்லா வாய்க்கும் அது ஏற்றதல்ல. அண்ணத்துத் திசுவுக்குப் பதிலாகப் பதப்படுத்திய மனிதத் தோலையோ பன்றியிலிருந்து பெறும் கொலாஜன் என்னும் புரதத்தையோ பயன்படுத்துவதும் உண்டு. நம்பிக்கை சார்ந்த தயக்கம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஈறு சிகிச்சையில் எம்.டி.எஸ். என்னும் பல் மருத்துவ முதுநிலைப் பட்டம் முடித்த மருத்துவரிடமே இதைச் செய்துகொள்வது நல்லது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகிய எதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். புகைப்பவருக்கு ஒட்டு பிடிப்பது கடினம்.

அறுவைக்குப் பின் மருத்துவர் சொல்லும்வரை, பொதுவாக இரண்டு வாரம், அவ்விடத்தில் பிரஷ் படக்கூடாது. குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கொண்டு கொப்பளித்தால் போதும். உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும் ஆசைக்கு இடம்கொடுத்தால் தையல் விட்டுப்போகும். மேல்தோலோடு வைத்த ஒட்டு முதல் சில நாட்களில் வெளுத்துக் கிடக்கும், பிறகு சிவக்கும். அண்ணத்தில் இரத்தம் கசிந்தால் ஈரத் துணியால் இருபது நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சிலருக்கு ஈறின் விளிம்பு அடுத்து வரும் மாதங்களில் தானாகவே இன்னும் சற்று ஏறும் என்பதால், ஆறு மாதமாவது கழிந்த பிறகே இறுதி அளவை எடுக்க வேண்டும்.