முதலில் ஒயர், பிறகு லேடர்: எடைக் கருவியை பி.எல்.சி.யோடு இணைக்கும் முறை

கோவை, திருப்பூர் வட்டாரத்துச் சாயப்பட்டறைகளிலும் நூற்பாலைகளிலும் பேனல் வேலை பார்ப்பவன் நான். எடை இண்டிகேட்டரையோ (எடையைக் காட்டும் கருவி) மின்சார மீட்டரையோ பி.எல்.சி.யோடு (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) சேர்க்க வரும் இளைஞர்கள் வந்ததும் லேப்டாப்பைத் திறந்து லேடர் (பி.எல்.சி.க்கான புரோகிராம்) எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். தரவு வரவில்லை என்றால் புரோகிராமையே திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பழுது பெரும்பாலும் ஒயரில்தான் இருக்கும். அதனால் மல்டிமீட்டரிலிருந்து தொடங்குங்கள்.

சாயத் தொட்டியின் அடியில் லோடு செல் (எடையை உணரும் சென்சார்), பக்கத்துச் சுவரில் இண்டிகேட்டர், நாற்பது மீட்டர் தள்ளி பி.எல்.சி. பேனல் என்று வைத்துக்கொள்வோம். இண்டிகேட்டரின் பின்னால் இருப்பது ஒன்பது முள் கனெக்டர், ஆர்.எஸ்.232 என்ற தரவு இணைப்பு. அதில் 5-ஆம் முள் கிரவுண்டு. அனுப்பும் முள் 2-ஆ 3-ஆ என்பது கருவிக்குக் கருவி மாறும். கையேட்டுப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். இண்டிகேட்டருக்கு மின்சாரம் கொடுத்து, கேபிளைக் கழற்றிவிட்டு, கறுப்பு முனையை 5-லும் சிவப்பு முனையை 2-லும் 3-லும் மாற்றி மாற்றி வையுங்கள். எதில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை தெரிகிறதோ அதுதான் அனுப்பும் முள். தரவு ஓடிக்கொண்டிருந்தால் மீட்டர் எண் ஆடும். அதுவும் நல்ல அடையாளமே. கேட்கும் முள்ளில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். இண்டிகேட்டரின் அனுப்பும் முள் பி.எல்.சி.யின் (நடுவில் கன்வெர்ட்டர் போட்டால் அதன்) கேட்கும் முள்ளுக்குப் போக வேண்டும்.

அடுத்து லேப்டாப்பில் யு.எஸ்.பி. கன்வெர்ட்டரைச் செருகி, டெர்மினல் புரோகிராம் ஒன்றில் வருவதைப் பாருங்கள். எல்லாமே குப்பையாக வந்தால் பாட் ரேட் (தரவு அனுப்பும் வேகம்) பொருந்தவில்லை. சில எழுத்துகள் சரியாகவும் சில கோணலாகவும் வந்தால் பாரிட்டியை (பிழையைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு எழுத்தோடும் சேர்க்கும் பிட்) சந்தேகியுங்கள். இண்டிகேட்டர் 7 பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்ப, நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்துக் கேட்டால் 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்கள் ஒழுங்காகத் தெரியும். 1, 2, 4, 7, 8 மட்டும் கெட்டுவிடும். ஒவ்வொரு எழுத்தும் லைனில் ஓர் எண்ணாகத்தான் (ஆஸ்கி) போகும்; 1-க்கு வர வேண்டிய 49, பாரிட்டி பிட்டும் சேர்ந்து 177 ஆகிவிடுவதே காரணம். இதைத் தெரிந்துகொண்டால் திரையைப் பார்த்த மாத்திரத்தில் கோளாறைச் சொல்லிவிடலாம்.

இனி தூரம். ஆர்.எஸ்.232-க்கு 15 மீட்டர் என்பதுதான் பழைய கணக்கு. நாற்பது மீட்டருக்கு, அதுவும் டிரைவ்கள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) ஓடும் பட்டறையில், அதை இழுக்காதீர்கள். இண்டிகேட்டர் பக்கத்திலேயே தனிமைப்படுத்தப்பட்ட (இரு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாத) கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு, நீண்ட தூரத்துக்கான ஆர்.எஸ்.485-ஆக மாற்றுங்கள். அது குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். முறுக்கிய ஜோடி ஒயர், ஷீல்டு (ஒயரைச் சுற்றிய உலோக உறை), அத்தோடு பொதுக் கிரவுண்டுக்கு மூன்றாவது ஒயர். மூன்றாவது எதற்கு என்று கேட்டுப் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். இரு முனைகளின் கிரவுண்டும் விலகி, வரும் மின்னழுத்தம் மைனஸ் 7-லிருந்து பிளஸ் 12 வோல்ட் எல்லையைத் தாண்டினால் ரிசீவருக்கு உத்தரவாதம் இல்லை; சிப்பே போய்விடலாம். ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே டிரேயில் படுக்க வைக்காதீர்கள். கடக்க வேண்டியிருந்தால் குறுக்காகக் கடக்கட்டும்.

லைனின் இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும், நடுவில் கூடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரு ஒயர்களுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60-ஐ ஒட்டி வந்தால் சரி. 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். பதிலே வரவில்லை என்றால் ஜோடியின் இரு ஒயர்களான ஏ, பி இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். எது பிளஸ் என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது, மாற்றிப் போட்டால் எதுவும் கெட்டுவிடாது.

இப்போது லேடருக்கு வரலாம். இண்டிகேட்டர் தொடர்ந்து அனுப்பும் சரம் பி.எல்.சி.யில் இப்படி வந்து விழும்: 2, 43, 48, 48, 49, 50, 46, 53, 13, 10. முதல் 2 தொடக்கக் குறி, 43 பிளஸ், 46 புள்ளி, கடைசி இரண்டும் வரி முடிவு. இலக்கங்களிலிருந்து 48-ஐக் கழித்தால் 0012.5 கிலோ. பி.எல்.சி. பாதிச் சரத்தில் விழித்துக்கொண்டால் 2.5 என்று படித்துவிடும். ஆகவே 10 வரும்வரை காத்திருந்து, முதல் எழுத்து 2-தானா, நீளம் பத்துதானா என்று பார்த்த பிறகே எடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையைச் சோம்பலால் விடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

மின்சார மீட்டர், மாட்பஸ் ஆர்.டி.யு. என்ற தரவுப் பரிமாற்ற முறையில் பேசும். 1979-இல் மோடிகான் கொண்டுவந்த இந்த முறை இன்றும் அப்படியே ஓடுகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் 1 முதல் 247-க்குள் தனி முகவரி. பாட் ரேட், பாரிட்டி எல்லோருக்கும் ஒன்றே. டெல்டா டி.வி.பி. வரிசை பி.எல்.சி.யின் ஆர்.எஸ்.485 போர்ட்டுக்கு டி1120 என்ற ரெஜிஸ்டரில் (எண்ணைச் சேமிக்கும் இடம்) ஹெக்ஸ் 87 போட்டால் 9600, 8 பிட், ஈவன், ஒரு ஸ்டாப் பிட். எம்1120 என்ற பிட் அதைத் தக்கவைக்கும். எம்1143 ஆன் ஆனால்தான் ஆர்.டி.யு. சீமென்ஸ் எஸ்7-1200 பி.எல்.சி. என்றால் சி.எம்.1241 போன்ற ஆர்.எஸ்.485 மாட்யூல் போட வேண்டும்.

ஒரு மீட்டரைக் கேட்டு, பதிலோ டைம்அவுட்டோ வந்த பிறகே அடுத்ததைக் கேளுங்கள். கையேட்டில் 40001 என்று இருப்பது லைனில் 0 என்று போகும். ஒரு ரெஜிஸ்டர் தள்ளிப் படிக்கிறது என்றால் அதுதான் காரணம். வோல்ட் மதிப்பு இரண்டு ரெஜிஸ்டர்களில் ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) வந்தால், அந்த இரண்டின் வரிசை மீட்டருக்கு மீட்டர் மாறும். 230 முதல் 231 வோல்டுக்குள் இருக்கும்போது மேல் பாதி 17254. அந்த எண் முதல் ரெஜிஸ்டரிலா இரண்டாவதிலா என்று பார்த்துவிட்டு வரிசையை அமையுங்கள்.

கடைசியாக, யாரும் செய்யாமல் விடுவது. கேபிள் அறுந்தால் ரெஜிஸ்டரில் பழைய எடை அப்படியே நிற்கும். தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்க, பி.எல்.சி.யோ இன்னும் 12.5 கிலோதான் என்று நினைத்து காஸ்டிக் (அரிக்கும் காரக் கரைசல்) வால்வைத் திறந்தே வைத்திருக்கும். பக்கத்தில் நிற்பவர் கண்ணில் காஸ்டிக் பட்டால் பார்வை போய்விடும். நல்ல சரம் ஒன்று வரும்போதெல்லாம் டைமரை ரீசெட் செய்யுங்கள். இரண்டு நொடி வராவிட்டால் வால்வு மூடி அலாரம் அடிக்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் ஆபரேட்டரை அருகில் வைத்துக்கொண்டு, தொட்டியில் வெறும் தண்ணீர் ஓடும்போதே கனெக்டரைப் பிடுங்கிக் காட்டுங்கள். வால்வு மூடியதை அவரே பார்த்த பிறகு கையெழுத்து வாங்குங்கள்.