டேவ் ஆர்னெசன் பாணியில் ஒரு ஆட்டம் நடத்துவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவர் விவரிக்கும் கற்பனை உலகத்தில் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ஆட்டம்) என்றதும் எல்லோரும் கேரி கைகாக்ஸ் பெயரைத்தான் சொல்வார்கள். 1974-இல் முதன்முதலாக ஆயிரம் பிரதிகள் அச்சாகி வந்தபோது அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயர் டேவ் ஆர்னெசன். மினசோட்டாவில் வரலாறு படித்துக்கொண்டிருந்த இளைஞர். அந்த ஆட்டம் அச்சாகி வருவதற்கு மூன்று வருடம் முன்பே, 1971-இல், செயின்ட் பால் நகரில் தன் வீட்டு அடித்தளத்தில் ‘பிளாக்மூர்’ என்ற ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். ஆளுக்கொரு கதாபாத்திரம், கோட்டைக்கு அடியில் நிலவறை, பிழைத்தால் அடுத்த வாரமும் அதே ஆள், அனுபவம் சேரச் சேர அந்த ஆளுக்குப் பலம் கூடுவது என்று இன்று நாம் பழகிப்போன சமாச்சாரங்கள் எல்லாம் அந்த மேசையில் ஒன்றாகச் சேர்ந்தவை.

அவரிடம் தடித்த விதிப்புத்தகம் கிடையாது. குறிப்புகள் இருந்தன, அதுவும் தாறுமாறாக. ஆடுபவர் எதையாவது செய்வேன் என்பார், ஆர்னெசன் ஒரு தீர்ப்புச் சொல்வார், அந்தத் தீர்ப்பு நின்றால் அதுதான் விதி. புதிதாக ஆட்டம் நடத்த வருகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த முறையைத்தான். நானூறு பக்கம் படித்து முடித்தபின் ஆடலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆடுவதே இல்லை.

தேவையானவை கொஞ்சம்தான். நடுவராக நீங்கள், ஆடுவதற்கு நான்கு பேர் (ஆறுக்கு மேல் வேண்டாம், சத்தம் தாங்காது). கிராஃப் தாள், பென்சில், ரப்பர், சாதாரண ஆறு பக்கப் பகடை இரண்டு. அப்புறம் ஒரு நீள நோட்டு. நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள், அதனால் என்னுடையது பேரேடு. உங்களுடையது எதுவாகவும் இருக்கலாம், ஆனால் தனியாக இருக்க வேண்டும். பால் கணக்கும் அதிலேயே வந்துவிட்டால் மூன்றாவது வாரம் எதையும் தேடி எடுக்க முடியாது.

முதலில் ஆளுக்கொரு ஆசை

வரைபடத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். காரணம் இருக்கிறது.

ஆர்னெசனுக்கு வழி காட்டியவர், மேசையில் பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆட்டம் ஆடும் அதே ஊர்க் குழுவில் இருந்த டேவிட் வெஸ்லி. 1969-இல் அவர் நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார். களம், பிரஷ்யாவில் ‘ப்ரௌன்ஸ்டைன்’ என்ற கற்பனை ஊர். இரண்டு படைகளுக்குத் தளபதிகள் போக ஆட்கள் மிச்சம் இருந்தார்கள். அவர்களுக்கு ஊர் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று வேடம் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கத்தையும் கொடுத்துவிட்டார். படைகள் மோதவே இல்லை. ஆளாளுக்கு மூலையில் நின்று பேரம் பேசினார்கள், ரகசியம் கேட்க வெஸ்லியிடம் ஓடி வந்தார்கள், இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கே போய்விட்டார்கள். ஆட்டம் கெட்டுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

பின்னால் வெஸ்லி நடத்திய இன்னோர் ஆட்டத்தின் களம் லத்தீன் அமெரிக்கக் குட்டி நாடு ஒன்று. ஆர்னெசனுக்குக் கிடைத்தது மாணவப் புரட்சிக்காரன் வேடம், வேலை துண்டறிக்கை விநியோகம். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தான் உண்மையில் சி.ஐ.ஏ. ஆள் என்று மற்றவர்களை நம்ப வைத்து, கஜானாவைக் கையில் வாங்கிக்கொண்டு ஹெலிகாப்டரில் கிளம்பிவிட்டார். போகிற போக்கில் துண்டறிக்கைகளையும் மேலிருந்து கொட்டிவிட்டாராம். அப்படிச் செய்யக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. செய்யலாம் என்றும் இல்லை.

ஆகவே ஆளுக்கொரு சீட்டு எழுதுங்கள். மூன்றே வரி. நீ யார், உனக்கு என்ன வேண்டும், மற்றவருக்குத் தெரியாத எந்த விஷயம் உனக்குத் தெரியும். உதாரணத்துக்கு: ‘நீ கோட்டைக் காவலன். சூதில் நாற்பது பொற்காசு கடன், மாதக் கடைசிக்குள் தீர்க்க வேண்டும். கிணற்றடியில் இருந்து நிலவறைக்கு ஒரு வழி இருப்பது உனக்கு மட்டும் தெரியும்.’ இன்னொரு சீட்டு: ‘நீ வைத்தியன். உன் அண்ணன் கோட்டைக்குள் போனான், திரும்பவில்லை. அவனிடம் இருந்த மோதிரத்தைக் காவலன் விரலில் நேற்றுப் பார்த்தாய்.’ ஆசைகள் ஒன்றோடொன்று உரச வேண்டும், ஆனால் நால்வரையும் ஒரே வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் நாலு திசையில் போவார்கள், நீங்கள் நடுவில் நின்று தலையைச் சொறிவீர்கள்.

இடம்: சின்னதாக, ஆழமாக

பிளாக்மூர் ஒன்றும் பெரிய உலகமாகத் தொடங்கவில்லை. ஒரு வார இறுதி முழுக்கத் தொலைக்காட்சியில் பழைய பூதப் படங்கள் பார்த்துக்கொண்டு, வீரசாகசக் கதைகள் படித்துக்கொண்டு, பாப்கார்ன் கொறித்துக்கொண்டு, கிராஃப் தாளில் சும்மா கிறுக்கியதில் பிறந்தது என்று ஆர்னெசனே சொல்லியிருக்கிறார். நெப்போலியன் காலப் படைகளை எதிர்பார்த்து வந்த நண்பர்கள், மேசை நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஒரு கோட்டை, பக்கத்தில் ஒரு ஊர், அடியில் நிலவறை. மற்றதெல்லாம் ஆட ஆட வந்து ஒட்டிக்கொண்டது.

நீங்களும் ராஜ்ஜியத்தின் ஐந்நூறு வருட வரலாற்றை எழுதாதீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சத்திரம், ஒரு கடை, கோட்டைக்கு உடையவர் ஒருவர், போதும். கடைக்கு மட்டும் விலைப் பட்டியல் ஒழுங்காக எழுதுங்கள்: கயிறு, விளக்கு, எண்ணெய், கடப்பாரை, சாக்கு, சுண்ணாம்புக்கட்டி. ஆளுக்கு முப்பது காசு கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். பின்னால் அவர்களுடைய புத்திசாலித்தனம் முழுக்க அந்தப் பையில் இருந்துதான் கிளம்பும்.

இனி கிராஃப் தாள். ஒரு கட்டம் பத்தடி. படிக்கட்டைத் தாளின் ஓரத்தில் போடுங்கள், நடுவில் போட்டால் எந்தப் பக்கம் வளருவது என்று குழம்பும். ஏழெட்டு அறை. எல்லா அறைக்கும் குறைந்தது இரண்டு வழி வேண்டும், கடைசி ஒன்றிரண்டைத் தவிர. ஒரே பாதை என்றால் ஆடுபவர்கள் முடிவெடுக்கவே வேண்டியதில்லை, வரிசையில் நடந்து போவார்கள். இரண்டு அறைகளைக் காலியாக விடுங்கள். காலி அறைதான் பயமுறுத்தும்.

ஒவ்வொரு அறைக்கும் நோட்டில் மூன்று குறிப்பு. திறந்ததும் தெரிவது, தேடினால் கிடைப்பது, உள்ளே இருப்பது என்ன செய்துகொண்டிருக்கிறது. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். ‘நான்கு எலிகள்’ என்று எழுதினால் சண்டை மட்டும்தான் நடக்கும். ‘நான்கு பெரிய எலிகள் ஒரு தோல் செருப்புக்காக அடித்துக்கொள்கின்றன’ என்று எழுதுங்கள். யாருடைய செருப்பு என்று கேட்பார்கள். வைத்தியனின் அண்ணன் இருக்கிறானே!

பகடை எப்போது உருட்டுவது

எல்லாவற்றுக்கும் உருட்டாதீர்கள். நடக்கும் என்று தோன்றினால் நடந்தது என்று சொல்லுங்கள். நடக்காது என்றால் நடக்கவில்லை. சந்தேகம் இருந்தால் மட்டும் இரண்டு பகடை. நான் வைத்திருக்கும் அளவு: சுலபம் என்றால் 5 அல்லது மேலே, நடுத்தரம் 7, கஷ்டம் 9. இரண்டு பகடையில் உள்ள 36 சேர்க்கைகளில் 5-க்கு 30 ஜெயிக்கும், 7-க்கு 21, 9-க்கு 10 மட்டுமே. எண்ணை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் உருட்டச் சொல்லுங்கள். உருட்டியபின் எண்ணைச் சொன்னால் மேசையில் உங்கள் மரியாதை போய்விடும்.

எங்கள் வீட்டு மேசையில் நடந்த ஒன்று. அக்கா மகன் ஒரு கதவு முன்னால் நிற்கிறான். உள்ளே ஏதோ பிறாண்டுகிற சத்தம்.

“சித்தி, கதவைத் திறக்க மாட்டேன். கீழே இடுக்கு இருக்கா?”

“இருக்கு, ரெண்டு விரல் அகலம்.”

“அதுல கண்ணாடியை விட்டுப் பார்க்கிறேன்.”

“கண்ணாடி வாங்கினியா?”

பட்டியலைப் பார்த்தான். இல்லை. “கத்தி இருக்கே. நேத்து ராத்திரி சத்திரத்துல உட்கார்ந்து பளபளன்னு தேச்சேன்னு சொன்னேனே!”

சொன்னான்தான், என் தம்பியும் சாட்சி சொன்னான். சரி, ஆனால் கத்தி குறுகல், வெளிச்சமும் போதாது, 9 வேண்டும் என்றேன். உருட்டினான், 8. உள்ளே நகருகிறது, ஒன்றுக்கு மேல் இருக்கிறது, எத்தனை என்று தெரியவில்லை என்று சொன்னேன். நூலிழையில் தவறியவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்துவது கஞ்சத்தனம். அப்புறம் பேரேட்டில் எழுதினேன்: ‘தேய்த்த கத்தியில் பிம்பம் பார்க்க 9. இந்தப் பக்கம் விளக்கு இருந்தால்தான்.’ அன்றிலிருந்து அது எங்கள் விதி. அடுத்த வாரம் வேறொருவர் கேட்டாலும் அதே 9. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் ஆட்டம் முடிந்தபின் எல்லோரையும் கேட்டு மாற்றுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

அடிதடி

இங்கேதான் ஆர்னெசனின் பெரிய உபகாரம். தொடக்கத்தில் அவர் எடுத்தாண்ட ‘செயின்மெயில்’ என்ற போர் ஆட்ட விதிகளில் சாதாரண வீரனுக்கு அடி பட்டால் அவன் காலி. படையே ஆடும்போது சரி. நமக்கென்று ஒரே ஒரு ஆள், பெயர் வைத்து வளர்த்த ஆள், முதல் அடியிலேயே செத்தால் யாருக்குப் பொறுக்கும்? ஆடியவர்களுக்கும் பொறுக்கவில்லை. ஆர்னெசன் முன்பு அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கவசக் கப்பல்களுக்கு விதிகள் செய்திருந்தார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது, இத்தனை அடி தாங்கும் என்று கணக்கு உண்டு, கவசத்துக்குத் தகுந்த கணக்கும் உண்டு. அதைக் கொண்டுவந்து மனிதர்கள் மேல் வைத்தார். இன்று கணினி விளையாட்டில் தலைக்கு மேல் ஓடும் சிவப்புக் கோட்டுக்கு இதுதான் பூர்வீகம்.

உங்கள் மேசைக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகடை உருட்டி இரண்டு கூட்டினால் வருவது ஒருவரின் உயிர்க்கணக்கு. வெற்று உடம்பை அடிக்க இரண்டு பகடையில் 6 அல்லது மேலே, தோல் கவசத்துக்கு 7, சங்கிலிக் கவசத்துக்கு 8, தகட்டுக் கவசத்துக்கு 9. பட்டால் ஒரு பகடை உருட்டி அந்த அளவு குறையுங்கள். பூஜ்ஜியம் என்றால் போய்ச் சேர்ந்தார். எலிக்கு 2, காவலனுக்கு 5, பூதம் ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்றால் 20. ஓடினால் ஓட விடுங்கள். எதிராளியும் பாதி அடி வாங்கியதும் ஓடட்டும். சாகிறவரை நின்று சண்டை போடும் எலி எங்கே இருக்கிறது?

ஒன்று மட்டும் கறார். செத்தால் செத்ததுதான். பாவம் பார்த்து ஒரு தடவை பிழைக்க வைத்தால் அடுத்த தடவை யாரும் கதவிடுக்கில் கத்தியை விட்டுப் பார்க்க மாட்டார்கள்.

தலைவலி வந்தால்

யாராவது ஒருவர் ரொம்பப் பலசாலி ஆகிவிடுவார். பிளாக்மூரிலும் ஆனார். டேவிட் ஃபான்ட் என்பவர் ஆடிய பாத்திரம் இரத்தக்காட்டேரியாகி, சர் ஃபாங் என்ற பெயரில் மற்றவர்களை நடுங்க வைத்தது. ஆர்னெசன் அவரைத் தடை செய்யவில்லை, அவருடைய பலத்தைக் குறைக்கவும் இல்லை. காட்டேரியை எதிர்க்கத் தோதான ஒரு பூசாரிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, மைக் கார் என்பவர் கையில் கொடுத்தார். இன்று உலகம் முழுக்க ‘க்ளெரிக்’ என்று ஆடுகிறார்களே, அந்த வகை அப்படி வந்தது. உங்கள் மேசையில் ஒருவர் கை ஓங்கினால் நீங்களும் இதையே செய்யுங்கள். ஊரில் வேறு யாருக்கு அது பிடிக்காது என்று யோசியுங்கள், அந்த ஆளை உள்ளே விடுங்கள்.

எழுதி வைப்பது பற்றி ஒரு வார்த்தை. 1972 கடைசியில் ஆர்னெசன் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவுக்குப் போய் பிளாக்மூரை கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். அதை மற்றவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி விதிகளாக எழுதி, அச்சுக்குக் கொண்டுபோனதில் பெரும்பங்கு கைகாக்ஸுடையது. யார் செய்தது எவ்வளவு என்ற சண்டை 1979-இல் வழக்காகி, 1981-இல் சமரசமானது. நான் ஆர்னெசன் பக்கம்தான், ஆனாலும் நோட்டு விஷயத்தில் கைகாக்ஸ் மாதிரி இருங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து அன்றைய தீர்ப்புகளைத் தேதி போட்டுப் படியெடுங்கள். பாத்திரத் தாள்களை நீங்களே வாங்கி வையுங்கள், வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் திரும்பி வராது. பிழைத்த ஒவ்வொருவருக்கும் உயிர்க்கணக்கில் ஒன்று கூட்டுங்கள்.

அடுத்த வாரம் யாராவது வரவில்லை என்றால் ஆட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய பாத்திரம் சத்திரத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கிறது, வாடகை நாளுக்கு ஒரு காசு. மூன்று வாரம் தொடர்ந்து வராவிட்டால் சத்திரக்காரர் அவருடைய கயிறையும் கடப்பாரையையும் விற்றுவிடுவார் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.