மனநலச் சிகிச்சைக்குச் சேர்க்கும்போது குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததுமே, நோயாளியின் சொல்லுக்கும் கையெழுத்துக்கும் இனி மதிப்பில்லை என்று குடும்பத்தார் நினைத்துக்கொள்வதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர். நோய் இருக்கிறது என்பதை மட்டுமே வைத்து, நீதிமன்றம் அறிவிக்காதவரை, ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

ஆனால் மருத்துவமனையில் நடப்பது வேறு. அப்பாவோ அண்ணனோ படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட, சேர வந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. சிகிச்சையைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடிந்த வயதுவந்தவர் தாமாகவே சேர வேண்டும். அப்படிச் சேர்ந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் அனுப்பிவிட வேண்டும். அவர் நிலையை மதிப்பிடுவதற்காக அதிகபட்சம் 24 மணி நேரம் மட்டுமே நிறுத்திவைக்கலாம். "நாங்கள் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்று உறவினர் எழுதிக் கொடுப்பது சட்டத்தில் செல்லாது.

அவரால் முடிவெடுக்க இயலாத நிலையில், தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் அபாயமோ தம்மையே கவனித்துக்கொள்ள முடியாத நிலையோ இருந்தால்தான் அவர் சார்பில் செயல்படும் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கலாம். அதற்கும் முதலில் 30 நாள்தான் வரம்பு. அந்தச் சேர்க்கையை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிட நோயாளிக்கே உரிமை உண்டு. கணவர் அல்லது பெற்றோர்தான் பிரதிநிதியாக இருக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். நலமாக இருக்கும்போதே, தமக்கு நம்பிக்கையானவரை அவர் எழுத்தில் நியமித்து வைக்கலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இதைச் செய்து வைத்த குடும்பங்கள் மிகக் குறைவு என்பதே என் கவலை.

கட்டிப்போடுவதைப் பாதுகாப்பு என்று எண்ணுவது உயிரையே பறிக்கக்கூடிய தவறு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். 28 பேர் மாண்டனர். சங்கிலியை எந்த வடிவிலும் இச்சட்டம் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, காரணத்தைப் பதிவு செய்து, தேவையான நேரம் மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம். ஆள் பற்றாக்குறைக்காகவோ தண்டனையாகவோ கூடாது. மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்ச்சிச் சிகிச்சை தருவதும் தடைசெய்யப்பட்டதே.

குணமான பிறகும் அழைத்துப்போகாமல் விட்டுவிடுவது இன்னொரு கொடுமை. வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்க முடியாது. சமூகத்தில் வாழ்வது அவர் உரிமை. வீட்டார் கைவிட்டால், அந்த வீட்டில் வாழும் உரிமையை நிலைநாட்டச் சட்ட உதவி உள்ளிட்ட துணையை அரசு தர வேண்டும்.

உடல்நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த உரிமைகளுக்காக நோயாளி இலவசச் சட்ட உதவியும் பெறலாம்.